கன்றின் குடலில் கடைசி மருந்து

பிரான்சில் இறைச்சிக்கென வளர்க்கப்படும் இளங்கன்றுகள் பிறந்த சில வாரங்களுக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பல பண்ணைகளிலிருந்து ஒரே கொட்டிலுக்கு வந்து சேர்கின்றன. கரைத்த பால்பொடிதான் அவற்றின் முக்கிய உணவு. கழிச்சல் அங்கே அன்றாட நோய். நோய்கண்ட கன்றின் சாணத்தை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் அந்த நாட்டில் நெடுநாள் வழக்கம். 2005 முதல் 2014 வரை கழிச்சல் கண்ட கன்றுகளின் சாணத்திலிருந்து பிரித்தெடுத்துச் சேமித்திருந்த 517 ஈ.கோலை பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் 2016இல் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அத்தனையும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி கொண்டவை. அவற்றில் 106இல், அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவற்றில், எம்சிஆர்-1 என்ற மரபணுவும் சேர்ந்து இருந்தது. அவற்றுள் மிகப் பழையது 2005ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அந்த மரபணு இருப்பதை உலகம் அறிந்ததே 2015 நவம்பரில்தான். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அது கழிச்சலில் கிடந்த கன்றுகளின் குடலில் குடியேறியிருந்தது. மனிதருக்கான மருந்துகள் எங்கே, எப்படிச் செயலிழக்கின்றன என்று தேடுபவர்கள் பெருநகர மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளையே முதலில் பார்க்கிறார்கள். அதே கவனம் கன்றுக் கொட்டிலுக்கும் கிடைக்க வேண்டும். அங்கே எடுக்கப்படும் சிறு முடிவுகள் ஆண்டுகள் கழித்து மனிதரின் படுக்கைக்கு வந்து சேர முடியும் என்பதற்குச் சான்றுகள் அறுபது ஆண்டுகளாகக் குவிந்து கிடக்கின்றன.

எம்சிஆர்-1 செயலிழக்க வைக்கும் மருந்தின் பெயர் கோலிஸ்டின். ஜப்பானில் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டு 1950களில் பயன்பாட்டுக்கு வந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்ததும், நல்ல மாற்று மருந்துகள் கிடைத்ததும், 1970களில் மனித மருத்துவம் அதைப் பெரும்பாலும் கைவிட்டது. கால்நடை மருத்துவம் கைவிடவில்லை. அதற்குக் காரணம் கோலிஸ்டினின் ஒரு தன்மை: வாய்வழி கொடுத்தால் அது குடலிலிருந்து இரத்தத்தில் அதிகம் ஏறுவதில்லை. சிறுநீரகத்துக்குச் சேதம் குறைவு, மருந்து முழுவதும் நோய் இருக்கும் குடலிலேயே தங்கும், விலையும் மலிவு. கன்று, பன்றிக்குட்டி, கோழிக்குஞ்சு ஆகியவற்றின் கழிச்சலுக்கு இதைவிடத் தோதான மருந்து இல்லை என்றே தோன்றியது. பால்பொடியிலும் தீவனத்திலும் குடிநீரிலும் அதைக் கலந்தார்கள். சீனா உள்ளிட்ட நாடுகளில் நோயே இல்லாத விலங்குகளுக்கும் எடை கூடுவதற்காகக் கொடுத்தார்கள். மருந்தாக அதற்குப் பெயர் வாங்கித் தந்த அதே தன்மைதான் கேடாகவும் முடிந்தது. குடலிலேயே தங்கும் மருந்து, குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் ஒருசேரச் சோதிக்கிறது. தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன.

கோலிஸ்டின் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னேற்றத்தைப் பற்றிக்கொண்டுதான் அதைக் கிழிக்கிறது. எம்சிஆர்-1 உருவாக்கும் நொதி அந்தச் சவ்வில் ஒரு வேதிக்கூறை ஒட்டி மின்னேற்றத்தைக் குறைத்துவிடுகிறது. பிறகு மருந்துக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை. 2015 வரை அறியப்பட்டிருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு, பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் நேர்ந்த மாற்றங்களால் வந்தது. ஒரு பாக்டீரியாவின் வாரிசுகளுக்கு மட்டுமே அது போகும். எம்சிஆர்-1 இருந்ததோ பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையத்தில். பிளாஸ்மிட், ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் தாவும். ஷாங்காய்ப் பன்றிப் பண்ணை ஒன்றில் 2013 ஜூலையில் எடுக்கப்பட்ட ஈ.கோலையில் இதைக் கண்டறிந்த சீன ஆய்வாளர்கள் மேலும் தேடினார்கள். 2011க்கும் 2014க்கும் இடையே சேகரித்த மாதிரிகளில், வெட்டுக்கு வந்த 804 விலங்குகளில் 166இலும், 523 பச்சை இறைச்சித் துண்டுகளில் 78இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அந்த மரபணு கிடைத்தது. விலங்கில் 21 விழுக்காடு, இறைச்சியில் 15, மனிதரில் 1. எங்கிருந்து எங்கே போகிறது என்பதை இந்த மூன்று எண்களும் ஓரளவு காட்டிக்கொடுக்கின்றன.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி வால்ஷ். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2010இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியோடு சேர்ந்து என்.டி.எம்.-1 பற்றிய கட்டுரையை வெளியிட்டவர்களில் அவரும் உண்டு. கார்பபெனெம் என்னும் உயர்நிலை ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் அந்த நொதி கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையிலும் ஹரியாணாவிலும் பிரிட்டனிலும் இருப்பதை அக்கட்டுரை ஆவணப்படுத்தியது. அவற்றில் பெரும்பாலானவற்றை அடக்கக்கூடியதாக எஞ்சிய ஓரிரு மருந்துகளில் கோலிஸ்டினும் ஒன்று. மனித மருத்துவம் ஒதுக்கி வைத்த மருந்தை வேறு வழியின்றித் திரும்ப எடுத்து, சிறுநீரகத்துக்கு என்ன ஆனாலும் உயிர் பிழைக்கட்டும் என்று கொடுக்க வேண்டிய நிலை. அப்படித் திரும்ப எடுத்த வேளையில், அதே மருந்து டன் கணக்கில் பண்ணைகளில் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

பெல்ஜியத்திலும் கதை இதுதான். 2011-12இல் கழிச்சல் கண்ட கன்றுகளிடமும் பன்றிக்குட்டிகளிடமும் சேகரித்து வைத்திருந்த கோலிஸ்டின் எதிர்ப்புள்ள ஈ.கோலைகளைப் பின்னர் ஆராய்ந்தபோது எம்சிஆர்-1 மட்டுமல்லாமல் அதன் உறவான எம்சிஆர்-2வும் வெளிப்பட்டது. அந்த இரண்டாவது மரபணு உலகுக்கு முதலில் தெரிய வந்ததே இந்தக் கழிச்சல் மாதிரிகளிலிருந்துதான்.

ஏன் இளங்குட்டிகளிடமே மருந்து எதிர்ப்பு இவ்வளவு தெரிகிறது? மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக அதற்குப் போகின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அதன் வழியே அவை கன்றுக்குப் போவதில்லை. கன்று கிட்டத்தட்ட எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் தொழுவத் தரையில் விழுகிறது. அது குடிக்கும் சீம்பாலில்தான் அத்தனை பாதுகாப்பும் இருக்கிறது. சீம்பாலில் உள்ள பெரிய புரதங்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் விடும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரம் முழுமையாக இருக்கிறது. மணிக்கு மணி அது குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் முற்றிலும் மூடிக்கொள்கிறது. அந்தக் கெடுவுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். முதல் நாளில் தவறவிட்டதை மறுநாள் ஈடுகட்ட முடியாது. அப்படித் தவறவிட்ட கன்றுக்குக் கழிச்சல் எளிதில் வருகிறது, மருந்தும் கூடவே வருகிறது.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. மருந்தே கொடுக்காத கன்றுகளிலும்கூட, பிறந்த முதல் வாரங்களில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை மிகுதியாக இருப்பதையும், கன்று வளர வளர அது தானாகவே குறைவதையும் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பால்பண்ணைக் கன்றுகளை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா, டெட்ராசைக்ளின் மூன்றையும் தாங்கும் ஒரு ஈ.கோலை வகை அங்கே இளங்கன்றின் குடலில் வாழ்வதற்கென்றே நன்கு பழகியிருந்தது. அதற்கு அந்த அனுகூலத்தைத் தந்தவை எதிர்ப்பு மரபணுக்கள் அல்ல. அவை உடன் பயணிப்பவை. மருந்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பு தானே மறைந்துவிடும் என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்த ஆய்வை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை இளங்குடலில் வேர்விட்டது, ஈற்றுக்கு ஈற்று புதிய கன்றுகளுக்குப் போய்க்கொண்டேயிருக்கும்.

கன்றுக்குக் கழிச்சல் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். பிறந்த நான்கைந்து நாட்களுக்குள் வந்தால் நஞ்சு சுரக்கும் ஒருவகை ஈ.கோலை காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, சால்மோனெல்லா பாக்டீரியா எனப் பட்டியல் நீளும். ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே கன்றில் சேர்ந்தும் இருக்கும். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் வழக்கமான ஆன்டிபயாடிக் பயனில்லை. ஒன்று முதல் மூன்று வாரக் கன்றுகளின் கழிச்சலில் பெரும்பங்கு இந்த இரண்டு வகையைச் சேர்ந்தது. ஆனால் சாணத்தைப் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது. மஞ்சளாக, வெள்ளையாக, தண்ணீராக எல்லாமே ஒன்றுபோலத்தான் போகும். சாணத்தை வளர்ப்பூடகத்தில் வைத்துப் பாக்டீரியாவை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாட்களில் கன்று பிழைத்திருக்கும், அல்லது செத்திருக்கும். இந்த இடைவெளியில்தான் ஊசி நுழைகிறது. ஊசி போட்ட மறுநாள் கழிச்சல் நின்றால் பெயர் ஊசிக்குப் போகிறது; வைரஸ் கழிச்சலாக இருந்து அது தானாக அடங்கியிருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதில் மாடு வளர்ப்பவரையோ மருத்துவரையோ குறை சொல்வதற்கில்லை. கண்ணெதிரே துவண்டு கிடக்கும் உயிருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது.

கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் இழந்து இரத்தத்தில் அமிலம் ஏறுவதுதான். கண் குழிவிழுகிறது, தோலை இழுத்துவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது, காது சில்லிட்டுப்போகிறது. உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். சர்க்கரை உடன் இருந்தால் குடல் சோடியத்தை உறிஞ்சும் என்ற அடிப்படையை ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். 1971இல் வங்காள அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகாலனாபிஸ் அந்த அறிவை உப்பு-சர்க்கரைக் கரைசலாகக் கொடுத்து, காலராச் சாவை முன்பிருந்த சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். கன்றின் குடலும் அதே வழியில்தான் சோடியத்தை எடுத்துக்கொள்கிறது. கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்திவிடும் பழைய வழக்கமும் தவறு. பால் தொடர வேண்டும், இடையிடையே கரைசல் கொடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு ஊசி மருந்தின் விலைகூட இருக்காது. ஆனால் நாலு வேளை பக்கத்தில் உட்கார்ந்து புகட்ட ஆள் வேண்டும். ஊசிக்கு ஒரு நிமிடம் போதும். என் கணிப்பில், கன்றுக் கொட்டிலில் ஆன்டிபயாடிக் இவ்வளவு புழங்குவதற்கு அறியாமையைவிட இந்த ஆள்பற்றாக்குறையே பெரிய காரணம்.

கன்றுக் கொட்டிலிலிருந்து மருந்து எதிர்ப்பு மனிதரை எட்டும் ஆபத்தை முதலில் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் லண்டன் கோலின்டேலில் குடல் பாக்டீரியா ஆய்வகத்தை நடத்திய ஈ. எஸ். ஆண்டர்சன். 1960களின் நடுவில் பிரிட்டனில் கன்றுகளைத் தாக்கிய சால்மோனெல்லாவின் '29ஆம் வகை' பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காமல் போனது. அதே வகை மனிதரிடமும் வந்தது, உயிரும் போனது. பிறந்து சில நாட்களே ஆன கன்றுகளைப் பல பண்ணைகளில் வாங்கி, ஓரிடத்தில் அடைத்து, லாரியில் நாடெங்கும் அனுப்பிய வியாபாரமும், நோய் வராமல் தடுக்க என்று முன்கூட்டியே கொடுத்த மருந்துகளும் இதற்குக் காரணம் என்று ஆண்டர்சன் தடம் பிடித்தார். எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதை ஜப்பானியர்கள் 1959இலேயே சீதபேதிக் கிருமியில் கண்டிருந்தார்கள். அது பண்ணையிலும் நடக்கிறது என்று ஆண்டர்சன் ஓயாமல் எழுதினார். அந்த அழுத்தத்தின் விளைவுதான் மைக்கேல் ஸ்வான் தலைமையிலான குழுவின் 1969 அறிக்கை. மனிதருக்குப் பயன்படும் பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்றது அது. சட்டமும் வந்தது. ஆனால் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்ற வழி திறந்தே இருந்தது. கன்று வியாபாரமும் மாறவில்லை. 1977இல் '204ஆம் வகை' சால்மோனெல்லா, குளோரம்ஃபெனிகாலுக்கும் அடங்காமல், பிரிட்டனின் கன்றுகளிடையே பரவியது. ஸ்வான் அறிக்கை தீவனத்தில் கலப்பதைத் தடுத்ததே தவிர, கன்றுகள் வாழ்ந்த விதத்தைத் தொடவில்லை.

அது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2015 முதல் 2017 வரை அமெரிக்காவில் 15 மாநிலங்களில் 56 பேருக்குப் பல மருந்துகளுக்கு அடங்காத சால்மோனெல்லா தொற்றியது. தொடர்பு தேடிப் போனபோது அகப்பட்டவை பால்பண்ணைகள் விற்றுவிட்ட காளைக்கன்றுகள். பால் தராத கன்றுக்குச் சீம்பால் கொடுப்பதில் பல பண்ணைகள் அக்கறை காட்டுவதில்லை என்பது அங்கும் தெரிந்த விஷயம்.

தடை வேலை செய்யுமா? சீனாவின் அனுபவம் நம்பிக்கை தருகிறது. வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை அந்நாடு 2017 ஏப்ரல் இறுதியோடு நிறுத்தியது. 2015இல் 27,170 டன்னாக இருந்த கோலிஸ்டின் தீவனக் கலவை உற்பத்தி 2018இல் 2,497 டன்னாகச் சுருங்கியது. பன்றிகளின் ஈ.கோலையில் கோலிஸ்டின் எதிர்ப்பு 34 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. கோழிகளிலும் வெகுவாகக் குறைந்தது. எம்சிஆர்-1ஐக் குடலில் சுமந்த மனிதரின் விகிதம்கூடச் சரிந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி ஒரு சரிவை எதிர்பார்த்தவர்கள் குறைவு. வாஷிங்டன் கன்றுகள் சொன்ன செய்திக்கு இது நேர்மாறாகத் தெரியலாம். இரண்டும் உண்மைதான்: கோலிஸ்டின் எதிர்ப்பு பாக்டீரியாவுக்குச் சுமை; மருந்து போனால் அதைச் சுமப்பது நட்டம். எல்லா எதிர்ப்பும் அப்படி இல்லை.

டென்மார்க்கின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. பன்றிக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்த உடனே அதற்குக் கழிச்சல் வரும். தாய்ப்பால் நின்று, உணவு மாறி, கூட்டமும் மாறும் நேரம் அது. வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளை 2000ஆம் ஆண்டுக்குள் குட்டிகளுக்கும் நிறுத்தியபோது கழிச்சல் கூடியது. சிகிச்சைக்கான ஆன்டிபயாடிக் செலவும் கூடியது. துத்தநாக ஆக்சைடைத் தீவனத்தில் மிகுதியாகக் கலந்து சமாளித்தார்கள். துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு, மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸின் பண்ணை வகையில் எதிர்ப்பு மரபணுவுடன் ஒட்டியே இருந்தது. துத்தநாகம் அதையும் வளர்த்துவிடக்கூடும். மண்ணிலும் துத்தநாகம் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அதையும் நிறுத்தியது. உடனே டென்மார்க்கில் நியோமைசின் பயன்பாடு ஏறியது. ஒரு பொருளைத் தடுத்தால் இன்னொரு பொருள் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. காரணம் கழிச்சல் அப்படியே இருக்கிறது. 1986இலேயே வளர்ச்சி மருந்துகளைத் தடைசெய்த ஸ்வீடன் தொடக்கத்தில் இதே சிக்கலைச் சந்தித்தது. பிறகு குட்டிகளைத் தாயுடன் கூடுதல் நாட்கள் விட்டது, இடம் தாராளமாகக் கொடுத்தது, தீவனத்தையும் கொட்டிலையும் மாற்றியது. மெல்லத்தான் பலன் கிடைத்தது. நான் ஸ்வீடன் வழியையே சரியென்று நினைக்கிறேன். அதற்குச் செலவு அதிகம் என்பதை மறைக்காமல்தான்.

பண்ணைதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று சொல்லிவிடவும் கூடாது. நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சமூகத்தில் மனிதர் சுமக்கும் செஃபலோஸ்போரின் எதிர்ப்பு ஈ.கோலையில் ஏறக்குறைய 60 விழுக்காடு மனிதரிடமிருந்து மனிதருக்கே வருகிறது. உணவு வழியாக வருவது சுமார் 19 விழுக்காடு. போக்குவரத்து இருவழியாகவும் இருக்கிறது. இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தியப் பன்றிப் பண்ணைக் குட்டிகளிடம் கார்பபெனெமுக்கு அடங்காத ஈ.கோலையைக் கண்டிருக்கிறார்கள். பன்றிக்குக் கார்பபெனெம் கொடுக்கும் வழக்கம் இல்லை. மனிதக் கழிவும் நீரும் மண்ணும் அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆயினும் புது மரபணு ஒன்று முதலில் பெருகும் இடமும், அங்கே அது நிலைகொள்ளும் அளவும் முக்கியம். கோலிஸ்டின் விஷயத்தில் அந்த இடம் பண்ணை.

இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்குக் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டை நாட்டின் விவாதத்துக்குக் கொண்டுவந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். சட்டத்தில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. சிக்கல் நம் மாடு வளர்ப்பின் அமைப்பில் இருக்கிறது. ஐரோப்பாவைப் போல ஆயிரம் கன்றுகள் ஓரிடத்தில் இல்லை. ஒன்று இரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. கன்று நெருக்கம் இல்லை என்பது நமக்குப் பெரிய வரம். அதே சமயம் ஒவ்வொரு வீட்டுக்கும் மருத்துவர் போக முடியாது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்கிறது. ஒரு வேளை கொடுத்துக் கழிச்சல் குறைந்தால் அடுத்த வேளை நிற்கிறது.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. மருந்துச் சிட்டையில் விலக்குக் காலம், அதாவது ஊசிக்குப் பின் பாலை விற்கக் கூடாத நாட்கள், குறிப்பிடாவிட்டால் பாலுக்கு ஏழு நாட்களுக்குக் குறையக் கூடாது என்று 2012இல் விதி வந்தது. அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது. கீழே கொட்டவும் மனம் வராது. உலகம் முழுக்கவே அது கன்றுக்குத்தான் போகிறது. குறைந்த அளவு மருந்து கலந்த பாலைக் கன்றுக்கு நாள்தோறும் புகட்டுவது, எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்குச் சமம்.

சீம்பாலிலும் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. மாடு நஞ்சுக்கொடி போட்ட பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்று பல ஊர்களில் காத்திருக்கிறார்கள். நஞ்சுக்கொடி விழ ஆறு மணி நேரமும் ஆகலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். குடல் மூடிக்கொண்டே போவது அந்த நேரத்தில்தான். கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி விழுவதற்கு உதவியே கிடைக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் என்று கால்நடை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு பற்றிய அரசு அறிக்கைகளில் சட்டம், பரிசோதனை, கண்காணிப்பு எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவற்றில் இடம் வேண்டும்; கிராமம் கிராமமாகப் போய் அதைச் சொல்லும் கால்நடை உதவியாளர்களுக்கான பணியிடங்களும் வேண்டும்.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் கன்றும் இருக்கிறது. காய்ச்சல், சாணத்தில் இரத்தம், பாலைத் தொடாமல் ஒதுங்குவது, எழுந்து நிற்க முடியாமை: இவை பாக்டீரியா இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும் என்பதன் அறிகுறிகள். கடுமையாக நோயுற்ற கழிச்சல் கன்றுகளில் கணிசமானவற்றுக்கு இரத்தத்தில் பாக்டீரியா இருப்பது தெரிந்ததே. அவற்றுக்கு மருந்து மறுப்பது கொடுமை. பால் குடிக்கிறது, தலை நிமிர்ந்து நிற்கிறது, காய்ச்சல் இல்லை, கழிகிறது மட்டும்தான் என்றால் கரைசலும் பாலும் காய்ந்த வைக்கோல் படுக்கையும் கொடுத்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். இந்தப் பிரிப்புக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு வெப்பமானியும் கன்றைக் கவனித்துப் பார்க்கும் ஒருவரும் போதும்.